இருபது என்று எழுதிய குஞ்சிதபாதம்

நெய்வேலி நகரியத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "எந்த பிளாக்?" என்பதுதான் முதல் கேள்வி. நகரியம் முழுக்க எண் போட்ட குடியிருப்புப் பகுதிகள்தான், அந்த எண்ணைச் சொன்னால் போதும். என்ன மாதிரி குவார்ட்டர்ஸ், எத்தனை அறை, வேலை மைன்ஸிலா ஆபீஸிலா, வாசலில் கார் நிற்குமா ஸ்கூட்டர் நிற்குமா என்று கேட்டவர் மனசுக்குள் எடைபோட்டு முடித்துவிடுவார். பெயரெல்லாம் அப்புறம்தான். நானும் முப்பத்தொரு வருஷம் இப்படிக் கேட்டவள். அதனால் இந்த வழக்கத்தை வைத்து ஊரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

குஞ்சிதபாதத்திடமும் அதைத்தான் கேட்டேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம் என்று ஞாபகம். எங்கள் நிலக்கரிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு வாசலில் ஒல்லியாக ஒரு ஆள், கையில் தூசி ஊதும் மெஷினோடு நின்றார்.

"பிளாக் எல்லாம் இல்லீங்க மேடம். முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்து சைக்கிள்ல வரேங்க" என்றார்.

காண்ட்ராக்ட் ஆள் என்று புரிந்துகொண்டேன். அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை.

எங்கள் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை. ஜன்னலை எத்தனை இறுக்கிச் சாத்தினாலும் நிலக்கரித் தூள் எப்படியோ உள்ளே வந்துவிடும். வாரம் ஒரு தடவை ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுபோகும். ஊதுவதற்காகக் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள்தான் குஞ்சிதபாதம். பண்ருட்டியில் பிளஸ் டூ வரை படித்தவர். கணக்கில் நிறைய மார்க். மேலே படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை.

அவரிடம் எனக்கு எரிச்சல் தந்த பழக்கம் ஒன்று இருந்தது. எதையாவது பாதியில் விடச் சொன்னால் விடமாட்டார். ஊதுவதற்காகப் பெட்டியைத் திறப்பார். திறந்ததும் உள்ளே எது எதோடு சேர்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் குப்பையில் போட்ட கையேடுகளை எடுத்துப்போய் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார். "ஒனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று நான் ஒருநாள் சிடுசிடுத்தபோது, "சும்மா தெரிஞ்சிகினு இருக்கலாமேன்னுதாங்க" என்றார். அந்தச் 'சும்மா' பத்து வருஷத்தில் எங்கே கொண்டுபோய் விட்டதென்றால், எங்கள் பிரிவின் ஆறு சர்வரும் அவர் கைக்குள் வந்துவிட்டன. ராத்திரியில் எது நின்றாலும் மறுநாள் காலை அவர் வந்தால்தான் ஓடும். காண்ட்ராக்ட் காகிதத்தில் மட்டும் கடைசிவரை 'ஹெல்பர்' என்றே இருந்தது. அதை மாற்றச் சொல்லி நான் ஒரு குறிப்புகூட எழுதவில்லை. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு எல்லாமே வெப் பக்கம் ஆனது. ஆஸ்பத்திரி டோக்கன், குவார்ட்டர்ஸ் ரிப்பேர், ஷிப்ட் அட்டவணை எல்லாம் ஒரே முகப்பில் வரும். வயசானவர்களுக்கு எதை அழுத்துவது என்று தெரியாமல் தினமும் எனக்கு போன் வரும். நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த குஞ்சிதபாதம், இரண்டு நாள் கழித்து ஒரு வேலை செய்துவைத்தார்.

அதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நான்கு எண்கள் சேர்ந்த ஒரு முகவரி உண்டு, ஐ.பி. அட்ரஸ் என்பார்கள். எங்கள் ஊரில் கேபிள் போட்டவர்கள் அந்த நான்கில் மூன்றாவது எண்ணாக பிளாக் எண்ணையே வைத்துவிட்டார்கள். நான்காம் பிளாக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் மூன்றாவது எண் நான்கு. குஞ்சிதபாதம் வெப் சர்வரில் ஒரு சின்னப் பட்டியல் எழுதினார். இந்த எண்ணிலிருந்து ஆள் வந்தால் 'இடம்' என்பது ஆஸ்பத்திரி. இந்த எண் என்றால் மைன்ஸ். இந்த எண் என்றால் பள்ளிக்கூடம். பட்டியலில் எங்குமே அடங்காத எண் வந்தால் 'வெளி'. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் திறந்தால் டோக்கன் பக்கமே நேராக வந்தது. மைன்ஸில் திறந்தால் ஷிப்ட் பக்கம்.

"நாங்க யாருன்னு அதுக்கு எப்படிப்பா தெரியுது?" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி ஆச்சரியப்பட்டாள்.

"நம்ம ஊர்ல மனுசங்க எப்படிக் கண்டுபிடிக்கிறாங்களோ அப்படித்தாங்க. வந்தவன் எங்கேர்ந்து வரான்னு பாத்துக்கும்" என்றார் குஞ்சிதபாதம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் அந்த அறிவிப்பு வந்தது. காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் சீனியாரிட்டிப் பட்டியல் தயாராகிறது; ஒவ்வொருவரும் வெப் பக்கத்தில் தங்கள் விவரத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்; திங்கள் முதல் வெள்ளி மாலை ஐந்து வரை நேரம். உறுதி செய்தவர்களிலிருந்துதான் பின்னால் பர்மனெண்ட் ஆக்க ஆள் எடுப்பார்கள். உறுதி செய்யாதவர் பெயர் போய்விடும். பதினைந்து, இருபது வருஷம் மண் சுமந்தவர்கள், கரி கொண்டுபோகும் பெல்ட் அடியில் சிந்தியதை வாரியவர்கள், கேன்டீனில் பாத்திரம் தேய்த்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஐந்து நாள்தான். குஞ்சிதபாதத்துக்கும்தான், அவருக்கு அப்போது பதினாறு வருஷ சர்வீஸ்.

வெளியே பிரவுசிங் சென்டர்களில் புரோக்கர்கள் புகுந்து விளையாடுவார்கள் என்று பயந்து, உள்ளூர்க் கம்ப்யூட்டர்களில் மட்டும் பக்கம் திறக்க வேண்டும் என்று உத்தரவு. மைன்ஸ் கேட் பக்கம் இரண்டு இடத்திலும், இருபதாம் பிளாக் சமுதாயக் கூடத்திலும் கம்ப்யூட்டர் போட்டோம். குஞ்சிதபாதம் தன் பட்டியலில் மூன்று இடத்து எண்களையும் சேர்த்தார். 'வெளி'யிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வாசகம் காட்ட வேண்டும். அதை எழுதியவள் நான். "தாங்கள் இச்சேவையைப் பெறத் தகுதியுடையவர் அல்லர்." புரோக்கர்களுக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்று ரசித்து எழுதினேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், இருபதாம் பிளாக் கூடத்துக்குக் கேபிள் இருபதாம் பிளாக்கிலிருந்து வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பத்தொன்பதாம் பிளாக்கில் இருந்த ஒரு கட்டடத்திலிருந்து இழுத்திருந்தார்கள். அதனால் கூடத்துக் கம்ப்யூட்டர்களின் எண் பத்தொன்பது. குஞ்சிதபாதம் இருபது என்று எழுதினார். இந்த ஊரில் இருபதாம் பிளாக் கூடம் என்றால் வேறு என்ன எழுதுவார்கள்? வெளியூர்க்காரன் யாராவது எழுதியிருந்தால் போய்ப் பார்த்து எழுதியிருப்பான். எங்களுக்கு பிளாக் எண்ணைச் சொன்னால் போய்ப் பார்க்கவே தோன்றாது.

அவர் தன் இருக்கையிலிருந்து திறந்து பார்த்தார்; எங்கள் ஆபீஸ் எண் ஏற்கெனவே பட்டியலில் இருந்ததால் வந்தது. மூன்று இடத்திலும் நேரில் சோதித்ததாக ஒரு படிவத்தில் பர்மனெண்ட் ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அது நான். அன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் விருத்தாசலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. என் மேஜையில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூன்று இடத்துக்கும் கையெழுத்துப் போட்டேன்.

திங்களும் செவ்வாயும் கூடத்திலிருந்து ஒரு புகாரும் இல்லை. காவலுக்கு இருந்தவர் போனில், "சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லம்மா, அமைதியா நடக்குது" என்றார். நானும் அதிகாரி சிவப்பிரகாசத்திடம் பெருமையாக அதையே சொன்னேன்.

செவ்வாய் மத்தியானம் குஞ்சிதபாதம் என் மேஜைக்கு வந்து நின்றார். சாப்பிட்ட கையைக்கூடத் துடைக்கவில்லை.

"மேடம், இருபதுலேர்ந்து யாருமே வரலீங்க. பத்தொம்பதுலேர்ந்து அம்பத்து மூணு பேர் வந்திருக்காங்க, கூடத்து ஆளுங்களாத்தான் இருக்கணும். ஒருத்தர்கூட ரெண்டாவது பக்கம் போகலீங்க."

சர்வர் எழுதிவைக்கும் பதிவைக் காட்டினார். வரிசையாக நேரம், எண், முதல் பக்கம். அதோடு முடிந்தது.

என் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் போனோம். நாங்கள் உள்ளே நுழையும்போது சட்டையெல்லாம் கரி அப்பிய ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். காவலர் திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். நான் எழுதிய வாசகம்தான். கேட்டவர், "சரிங்க" என்று சொல்லி, கொண்டுவந்த காகிதங்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கோபமில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

குஞ்சிதபாதம் அவரை மறித்தார். "ஏங்க, எதனால இல்லேன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களா?"

"கேட்டா மட்டும்?" என்றார் அவர்.

அதுதான் என் நெஞ்சை அறுத்தது. என் குவார்ட்டர்ஸில் ஒரு குழாய் ஒழுகினால் நான் மூன்று பேருக்கு போன் போட்டுக் கத்துவேன். இங்கே ஐம்பத்து மூன்று பேர் வாழ்க்கையையே மறுத்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, அமைதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த வரி அவர்களுக்குப் புதிதாக இல்லை. வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் சொன்னதை இப்போது ஒரு பெட்டி சொல்கிறது, அவ்வளவுதான்.

குஞ்சிதபாதம் அங்கேயே உட்கார்ந்து எண்ணைச் சரிசெய்தார். இருபதைப் பத்தொன்பதாக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கரிச் சட்டைக்காரருக்குப் பக்கம் திறந்தது. அவர் உறுதி செய்துவிட்டுப் போனார். மீதி ஐம்பத்து மூன்று பேரை எங்கே தேடுவது? பதிவில் பெயர் இல்லை. எண்ணும் நேரமும்தான் இருந்தன.

நேரத்தை வைத்து அவர் ஷிப்ட்டைக் கண்டுபிடித்தார். இரண்டரைக்கு மேல் வந்தவர்கள் முதல் ஷிப்ட் முடித்தவர்கள். பன்னிரண்டரைக்கு, சாப்பாட்டு இடைவேளையில் வந்தவர்கள் ஜெனரல் ஷிப்ட். சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதினார்: "இருபதாம் பிளாக் கூடத்தில் தகுதியில்லை என்று வந்தது தவறு. மறுபடி வாருங்கள்." அதைப் பிடித்துக்கொண்டு காண்ட்ராக்ட் ஆட்கள் பஸ் ஏறும் இடங்களில் ஷிப்ட் விடும் நேரமெல்லாம் நின்றார். திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும், அன்றைக்குக் கூடத்தில் வேறு யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். "பெல்ட் செக்‌ஷன், கழுத்தில் துண்டு." "இரண்டு பேர் ஒரே வண்டியில் வந்தவர்கள்." அப்படி ஒரு பட்டியல். வியாழன் மாலைக்குள் நாற்பத்தைந்து பேர் திரும்பி வந்துவிட்டார்கள். எட்டுப் பேர் மிச்சம். வெள்ளிக்கிழமையோடு நேரம் முடிகிறது.

வெள்ளி மத்தியானம், தேதியை நீட்டச் சொல்லி சிவப்பிரகாசத்திடம் போனோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. "சும்மா நீட்ட முடியாது. என்ன தப்பு, யாரோட தப்புன்னு எழுத்துல வேணும். மேலே கேப்பாங்க" என்றார்.

வெளியே வந்ததும் குஞ்சிதபாதத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "மெஷின் கோளாறுன்னு எழுதுவோம். இந்த மாசக் கடைசியில ஒன் காண்ட்ராக்ட் முடியுது. ஒன் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஞாபகம் வெச்சிக்க."

"மெஷின் கோளாறுன்னா ஆராய ஆள் அனுப்புவாங்க மேடம். அவன் வந்து பாத்து முடிக்கறதுக்குள்ள தேதி பூடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என் விவரம் மொத நாளே உள்ள போயிடுச்சிங்க. அவங்கது போகலியே."

அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதினார். "பத்தொன்பது என்று எழுத வேண்டிய இடத்தில் இருபது என்று எழுதியது நான். கூடத்துக்குப் போய்ச் சோதிக்காமல் விட்டதும் நான்." கையெழுத்து, தேதி. நான் கையெழுத்துப் போட்ட சோதனைப் படிவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் உடனே கையெழுத்துப் போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போடவில்லை. அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்த்தேன். மாலை நாலரைக்குத்தான், "நேரில் சோதிக்காமல் சோதித்ததாகக் கையெழுத்திட்டவள் நான்" என்று கீழே எழுதி என் பெயரைப் போட்டேன். கனகம் என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

பத்து நாள் நீட்டிப்புக் கிடைத்தது. ஏழு பேர் வந்துவிட்டார்கள். மிச்சம் ஒருவர். குஞ்சிதபாதத்தின் பட்டியலில் அவர் பெயர், "தூக்குச்சட்டியோடு வந்த கேன்டீன் அம்மா." ஒவ்வொரு கேன்டீனாக விசாரித்து, வீராயி என்று கண்டுபிடித்தார். காய்ச்சல் என்று நாலு நாளாக வேலைக்கு வரவில்லை. நேரம் முடிவதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தாரக்குப்பத்தில் அவர் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

வீராயிக்கு ஐம்பது வயசு இருக்கும். வீட்டு வாசலில் நின்றே பேசினார்.

"நானு வூட்லகூட சொல்லலம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எங்க குடுக்கப் போறாங்கன்னு வந்துட்டேன். பொட்டியே சொல்லிடுச்சில்ல."

"பொட்டி சொன்னது தப்புங்க. நான்தான் எண்ணைத் தப்பா எழுதிட்டேன். நாளைக்கு வந்துடுங்க" என்றார் குஞ்சிதபாதம். போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்று எழுதிக் கொடுத்ததை நானும் சொன்னேன்.

வீராயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பர்மனெண்டா தம்பி?"

"இல்லீங்க. காண்ட்ராக்ட்டுதான்."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கினே?"

"காலையில பத்து மணிக்கு நானே வந்து கூப்பிட்டுக்கினு போறேங்க" என்றார் குஞ்சிதபாதம். சொன்னபடி போய்க் கூட்டிவந்தார். ஐம்பத்து மூன்றாவது ஆளின் விவரமும் அன்று உறுதி செய்யப்பட்டது.

மாசக் கடைசியில் காண்ட்ராக்டர் புதிய ஆள் பட்டியலை அனுப்பினார். அதில் குஞ்சிதபாதம் இல்லை. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. காண்ட்ராக்டில் காரணம் எழுத வேண்டியதில்லை. கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டார்கள். சீனியாரிட்டிப் பட்டியல் முடிவான தேதியில் அவர் வேலையில் இல்லாததால் அங்கேயும் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் இரண்டு மூன்று பேரைப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் நல்லபடியாக நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது புதுச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்வர் பார்க்கிறார். விடிகாலை பஸ் பிடித்துப் போய்வருகிறார். மனைவி ருக்குமணி துணி தைக்கிறார். பொங்கலுக்கு எனக்கு போன் செய்வார். இங்கே நடந்ததை இதுவரை ஒருதடவைகூட அவராக எடுத்ததில்லை. அது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, பர்மனெண்ட் ஆனவர்களின் முதல் பட்டியல் வெளியானது. ஒருநாள் மத்தியானம் வீராயி எங்கள் பிரிவுக்கு வந்தார். புதுப் புடவை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆர்டர்.

"அந்தத் தம்பி எங்கம்மா? காட்டணும்னு எடுத்தாந்தேன்."

"அவர் இங்க இல்லம்மா. அந்த மாசமே பாஸை வாங்கிட்டாங்க. இப்போ முத்தாண்டிக்குப்பத்து வீட்லேர்ந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போறார்."

"நீங்களும் தானேம்மா எழுதிக் குடுத்தீங்க? ஒங்கள என்னா பண்ணாங்க?"

"எனக்கு மெமோ குடுத்தாங்க."

"அப்படின்னா?"

"ஒரு காயிதம். இனிமே இப்படிச் செய்யாதேன்னு எழுதியிருக்கும்."

"அது குடுத்தப்புறமும் வேலைக்கு வந்துகினு இருந்தீங்களா?"

"மறுநாளே வந்தேன்" என்றேன்.

வீராயி தன் ஆர்டரை உறையிலிருந்து வெளியே எடுத்தார். படிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"அப்போ இனிமே நானு ஒரு தப்புப் பண்ணி, பண்ணேன்னு ஒத்துக்கினாலும், எனக்கும் வெறும் காயிதந்தானாம்மா?"

"ஆமாம்மா. காயிதந்தான்."

"அதுக்குப் பேருதான் பர்மனெண்டா" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த லட்டு டப்பாவை மேஜைமேல் வைக்காமல், திரும்ப இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முத்தாண்டிக்குப்பத்துக்கு எந்த பஸ் போகும் என்று என்னைக் கேட்டார்.